கழுத்துக்கு ஏறும் குழாய்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் டாக்டர் எழிலரசி வேலைக்குச் சேர்ந்து அன்று ஆறாவது நாள். பகல் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தவளுக்கு, மருந்து நெடிக்கு அடியில் காயாத துணியின் வாடை ஒன்று மெல்ல வந்தது.

நான்காம் படுக்கையில் செங்கல்வராயன். மண்ணூர்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். சிறுநீரகத்தில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறி, ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்தது. கை நரம்புகள் சுருங்கிப்போனதால், அழுத்தத்தைத் தூக்கும் மருந்தை இதயத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டாக வேண்டும். வலது காறையெலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய நரம்பு வழியாக எழிலரசி நீளக் குழாயைச் செலுத்தினாள். ரத்தம் தடையில்லாமல் வந்தது.

குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரே படத்தில் பார்த்த பிறகுதான் மருந்து விட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் பாண்டியனோ கீழ்த்தளத்தில் ஒரு விபத்துக் கேஸில் மாட்டியிருந்தான். வர அரை மணி ஆகும் என்றான். அழுத்தம் அறுபத்தைந்து. பெரும்பாலும் சரியாகத்தான் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மருந்தை இணைக்கச் சொன்னாள் எழிலரசி.

நர்ஸ் ராஜகுமாரி மருந்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். எழிலரசி பொறுக்காமல், முதலில் உப்புத் தண்ணீரைத் தானே குழாயில் ஏற்றினாள்.

செங்கல்வராயன் கண்ணைத் திறந்தார்.

"டாக்டரம்மா, காதாண்ட இன்னாமோ சத்தம் கேக்குது."

குழாய் கீழே இறங்காமல் கழுத்துக்கு ஏறியிருந்தால், தண்ணீர் பாயும் சலசலப்பு அந்தப் பக்கக் காதில் கேட்கும். அது அவள் படித்ததுதான். தண்ணீர் சத்தமா என்று கேட்டாள்.

"தண்ணி இல்லம்மா. ஒரு பொம்பள பேசுது. படம் பாத்தியா, படம் பாத்தியான்னு கேட்டுகினே கீது."

ராஜகுமாரி மருந்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பாண்டியனை இழுத்துவர ஓடினாள்.

பாண்டியன் எடுத்த படத்தில் குழாய் திரும்பி, காதை நோக்கி ஏறியிருந்தது.

ராஜகுமாரி அப்போதுதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். போன ஆடியில் இதே கட்டிலில் பாரிவாக்கத்துத் தாயம்மாள் கிடந்தாள். அவசரத்தில் படம் பார்க்காமலே மருந்தை ஓடவிட்டார்கள். காது இரைகிறது, காது இரைகிறது என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

"அதுலேர்ந்து இந்தக் கட்டில்ல போடுற குழா எல்லாம் மேலதான் போவுது டாக்டர்."

எழிலரசி குழாயைப் பாதி உருவி, அதற்குள் வழிகாட்டும் மெல்லிய கம்பியை நுழைத்தாள். காறையெலும்புக்கு மேலே கழுத்து நரம்பை ஒரு விரலால் அழுத்தி மேல்வழியை அடைத்துவிட்டால், கம்பி கீழே திரும்பிவிடும். அழுத்தினாள். தள்ளினாள்.

கம்பி அவள் விரலுக்கு அடியில் வந்து முட்டியது.

மறுபடி உருவி, மறுபடி தள்ளப் போனாள்.

இந்த முறை அவள் தள்ளவே இல்லை. மேலிருந்து யாரோ இழுத்தார்கள்.

அழுத்தம் அறுபது. செங்கல்வராயனின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. எழிலரசி அவருடைய வலது காதருகே குனிந்தாள். யாரிடம் பேசுகிறோம் என்று நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. படம் பாக்காமலே விட இருந்தேன். இனிமே பாத்துட்டுத்தான் விடுவேன்."

இழுப்பு தளர்ந்தது.

கையுறைக்கு மேல், அவள் விரலோடு சேர்ந்து, ஜில்லென்று ஏதோ அழுத்தியது.

கம்பி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அதன்மேல் குழாயை ஏற்றி, கம்பியை உருவினாள். பாண்டியன் எல்லாரையும் வெளியே போகச் சொல்லி மறுபடி படம் எடுத்தான். இயந்திரத்தின் சின்னத் திரையில் நுனியை மட்டும் பார்த்தாள்; குழாய் நேராக இதயத்துக்கு மேலே போய் நின்றிருந்தது. மருந்து ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் அழுத்தம் தொண்ணூறைத் தொட்டது. எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்து நோயாளியின் குறிப்பை எழுதினாள்.

பாண்டியன் அச்சிட்ட படத்தோடு வந்தான். "படம் எடுக்கறப்ப கைய எடுக்கலியா டாக்டர்?"

அப்போது அவளும் ராஜகுமாரியும் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். படத்தில், காறையெலும்புக்கு மேலே, இரண்டு விரல்களின் எலும்புகள் வெள்ளையாக விழுந்திருந்தன. ஒன்றில் மெல்லிய மோதிரம்.

எழிலரசி எழுந்து நான்காம் படுக்கைக்குப் போனாள். செங்கல்வராயன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தின் மேல் யாருடைய கையும் இல்லை.

ஆனால் அந்த இடத்தில் சதை இரண்டு விரல் அகலத்துக்குக் குழிந்தே இருந்தது.