நாற்பது இடது கைகள்

"டீச்சர்... உங்க க்ளாஸ்ல எல்லாப் பொண்ணுங்களுமே எடது கைப் பழக்கமா?"

அமலோற்பவம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

செஞ்சிக் கடைத்தெருவில் அன்று அப்படியொரு மழை... ராஜகிரி மலை இருந்த இடமே தெரியவில்லை. சைக்கிள் கடைக் கூரைக்குக் கீழே ஓடி ஒதுங்கியவள், எதிரே ஓடிவந்தவன் மேல் மோதிவிட்டாள். கையிலிருந்த மூட்டை அவிழ்ந்து துணித் துண்டுகள் சிதறின. ஆறாம் வகுப்புப் பெண்கள் தைத்த நாற்பது காஜாக்கள். பொத்தான் துளையைச் சுற்றி நூலால் கட்டிப் பழகிய துண்டுகள் அவை.

மோதியவன் கையில் சாணை பிடித்த ரம்பம் ஒன்று. மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், பொறுக்கிய துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறான்.

"ஏன்... இன்னா ஆச்சு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்கம்மா டெய்லர் கடைக்குக் காஜா எடுத்தவங்க. பார்த்தாலே தெரியும். தையல் எல்லாம் எதிர்ப்பக்கமா ஓடுது. ஒண்ணு ரெண்டுன்னா சரி. நாப்பதுமா? நான் இருதயநாதன், பசங்க ஸ்கூல்ல மரவேலை வாத்தியார். நீங்க புள்ளைங்களுக்கு எதிர்ல நின்னுதானே தைச்சுக் காட்டுறீங்க?"

"ஆமா..."

"அதான். உங்க வலது கை அவங்களுக்கு எடது பக்கமாத் தெரியும். கண்ணாடியில பாக்கிற மாதிரி. அப்படியே புடிச்சிருக்குதுங்க. எந்தக் கையில ஊசி இருக்குதுன்னு நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை... வேலையில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. ஒரு முறைகூட அவள் வகுப்பை நிமிர்ந்து பார்த்ததில்லை. எண்பது கண்கள். பயம்... தையலில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் பாஸ் செய்தவளுக்கு ஊசியைத் தெரியும். பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"நாளன்னிக்கு ரெண்டாவது சனிக்கிழமை. எங்க மரவேலைக் கொட்டகைக்கு வாங்க டீச்சர். நெசவு, பாய், தையல்னு சுத்துப்பட்டு கைத்தொழில் வாத்தியாருங்க எல்லாம் கூடுவோம். ஒரே ஒரு சட்டம்தான். அவங்கவங்க பண்ணின ஒரு தப்பைச் சொன்னாத்தான் ஒரு டீ."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் இமை முடிகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது. மழையிலும் கரையாத மரத்தூள்... இதை ஏன் கவனிக்கிறோம் என்று அவளுக்குப் படபடத்தது.

"அப்புறம்... மழை விட்டுடுச்சு டீச்சர்."

முகம் சிவக்க, மூட்டையை அள்ளிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் வகுப்பில் முதல் முறையாக நிமிர்ந்தாள்.  நாற்பது ஊசிகள். நாற்பதும் இடது கையில். முதல் பெஞ்சு மங்கை மட்டும் பூரித்துப் போயிருந்தாள். "எங்க வீட்ல எடது கையால எது தொட்டாலும் அடிப்பாங்க டீச்சர். இங்கதான் நான் ஃபர்ஸ்ட்டு."

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் மூன்று தாய்மார்கள் நின்றிருந்தார்கள்.

"எம்பொண்ணு எடது கையால ஊசி புடிக்குது. கேட்டா டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லுது. நாளைக்கு அந்தக் கையாலதான் மாமியாருக்குச் சோறு போடுமா?"

அவர்கள் போனபின் தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி என்னால எழுத முடியாதும்மா."

வேலை போனால், இந்த வேலையே வேண்டாம் என்று தடுத்த அவளைப் பெற்ற நைனா அனந்தபுரத்திலிருந்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார். அது போதும்... அதோடு எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை தயங்கித் தயங்கித்தான் கொட்டகைக்குப் போனாள். வாசலை மிதிக்குமுன் உள்ளேயிருந்து அவன் குரல்.

"...மொத்த வகுப்பும் எடது கை. வாத்தியார் மட்டும் நிமிர்ந்தே பாக்கலை..."

கொட்டகையே அதிரச் சிரித்தது.

 என்னைச் சொல்லிச் சிரிக்கிறானா... இதற்குத்தானா வரச் சொன்னான்? கண்ணை மறைத்த நீரோடு திரும்பி விறுவிறுவென்று நடந்தாள்.

"டீச்சர், நில்லுங்க." பின்னாலேயே கையில் டீ கிளாஸோடு ஒரு பெண் ஓடிவந்தாள். அவலூர்பேட்டை நெசவு டீச்சர் ரஞ்சிதம். "தப்பு சொல்லாம டீ கிடையாதுதான். ஆனா வாசல் வரைக்கும் வந்து ஓடுறீங்களே, அதுவே ஒரு தப்பு. குடிங்க."

"என் மானத்தை வாங்கிச் சிரிக்கிறாரு உங்க வாத்தியாரு."

"உங்க மானமா? அய்ய... அது அவரோட கதைங்க. உள்ளே சுவத்துல தொங்குது, வந்து பாருங்க."

இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். சுவரில் ஆணியடித்த ஒரு கோணல் மரத்துண்டு. அதன் மேல் மங்கிய பெயின்டில்: 1960. மரவேலை முதல் வருஷம். முப்பத்தெட்டு பேர். எல்லாம் இடது கை.

அமலோற்பவம் அதை இரண்டு முறை படித்தாள். இருதயநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க வந்து உங்க தப்பைச் சொல்றதுக்குள்ள... இதே தப்புக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சு முடிச்சிடட்டும்னுதான் டீச்சர்."

இப்படியும் ஒருவன் யோசிப்பானா... மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு கணம் பார்த்த ஒருத்திக்காக?

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றிருந்தான். கையில் முழ நீளத்துக்கு ஒரு மர ஊசி. காது வைத்து, கூர் சீவி, கண்ணாடி போல் இழைத்திருந்தான். கூடவே ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய கோணி, நூலுக்குப் பதிலாகக் கயிறு.

"இதுல தைச்சுக் காட்டுங்க. கடைசி பெஞ்சுக்கும் தெரியும். புள்ளைங்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. மரியாதை இல்லேன்னு நெனைக்காதீங்க. அப்போதான் உங்க வலதும் அவங்க வலதும் ஒரே பக்கம்."

அன்றும் மறுநாளும் நாலு மணிக்கு மேல் ரஞ்சிதம் பஸ் பிடித்து வந்து பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து கை திருத்தினாள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டரம்மா மர ஊசியை எடுத்துப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு புருவம் சுருங்கியது. "எல்லாரும் வலது கை. இந்தப் பொண்ணு மட்டும் ஏன் இப்படி?"

மங்கை நடுங்கினாள். அமலோற்பவம் நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அவளுக்கு அதுதான் கை, அம்மா."

 தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. இன்ஸ்பெக்டரம்மா அந்தக் காஜாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேசாமல் கையெழுத்துப் போட்டார். வேலை நிலைத்தது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை. கொட்டகையில் அவள் மர ஊசியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். எதிர் பெஞ்சில் அவன்... நிமிரவே இல்லை. ஊசியைத் தடவியபோதுதான் அதன் காதோரம் விரலில் ஏதோ நெருடியது. செதுக்கிவிட்டு, பிறகு இழைத்து அழித்த ஓர் எழுத்து. சாய்த்துப் பார்த்தாள்.

அ.

காது மடல் வரை சூடேறியது.

"அமலா டீச்சர், உங்க முறை," என்றாள் ரஞ்சிதம். "தப்பு சொல்லுங்க. டீ ஆறுது."

"அன்னைக்கு... சைக்கிள் கடையில..."  அவள் தலை குனியவில்லை. "மழை விட்டு ரொம்ப நேரமாயிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம நின்னுக்கிட்டிருந்தேன்."

 இருதயநாதன் கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. அவன் முகத்தில் இடி விழுந்தவனின் திகைப்பு...

மெல்ல எழுந்தான். எதிர் பெஞ்சிலிருந்து சுற்றி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும்தான் தெரியும் டீச்சர்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "விட்டு கால் மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னேன். நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும்... அனந்தபுரம் வந்து உங்க நைனாவைப் பார்க்கட்டுமா?"

அவள் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்... வலது கையால்.