கதவு எண்ணோடு ஒரு புள்ளி

வரைபடத்தில் கதவு எண் வரவே கூடாது. காய்ச்சல் கண்டவர்களின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஊர், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் ஏற்றுவதுதான் வழக்கம். பல ஊர்களில் இருக்கும் ஆய்வாளர்கள் அவரவர் இடத்திலிருந்தே திறந்து, நோய் எந்தப் பக்கம் பரவுகிறது என்று சேர்ந்து பார்க்கும் இணையதளம் அது. அம்பத்தூரின் மேல் புதிதாக முளைத்திருந்த சிவப்புப் புள்ளியைத் தொட்டதும், அந்த ஆய்வாளர்களில் ஒருத்தியான கிருஷ்ணப்பிரியா குடியிருக்கும் கட்டடத்தின் எண் வந்தது. தரைத்தளம். ஆண். வயது அறுபத்தெட்டு.

கீழ் வீட்டில் இருப்பவர் செங்கல்வராயன். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அந்த வயதுதான் இருக்கும்.

வெளியே மழை. ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுவதும், தெருவில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆட்டோக்கள் போவதும், ஷிப்டு முடித்து வந்து படுக்கையறையில் தூங்கும் கணவன் ஜெகனின் குறட்டையும் கலந்து ஒலித்த அந்த மங்கலான மாலையில், கீழிருந்து ஓர் இருமல் படியேறி வந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைவது போன்ற இருமல். விடாமல் வந்தது.

ஆவடியில் இருக்கும் சக ஆய்வாளன் இளங்கோவை போனில் கூப்பிட்டாள்.

“இளங்கோ, நீ இன்னிக்கு எதுனா ஏத்தினியா?”

“இல்லியே. இன்னா ஆச்சு?”

“எங்க பில்டிங் டோர் நம்பரோட ஒரு பதிவு வந்துகீது.”

“எவனாவது தப்பா ஏத்திருப்பான். அழிச்சிடு பிரியா.”

அழித்தாள். புள்ளி மறைந்தது. இருமலும் நின்றது. பாதியில், கத்தரித்தது போல.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அடுத்த நொடி கீழே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. செங்கல்வராயனின் மனைவி தாயம்மா அலறினாள்.

“இன்னாய்யா, இப்பத்தான பேசிகினு இருந்த! கண்ணத் தொறய்யா!”

பிரியா ஓடினாள். நாற்காலியில் சாய்ந்திருந்த கிழவரின் வாய் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் இருமினார். பின்னால் நின்றவரும் இருமினார்.

அவள் மேலே ஓடி வந்து திரையைப் பார்த்தாள். தெரு முழுக்கச் சிவப்பு. வீட்டுக்கு வீடு புள்ளி. எதிர் வீட்டில் இருமல். பக்கத்து வீட்டில் இருமல். மழைச் சத்தத்தையும் மிஞ்சி, ஒரு தெருவே இருமியது.

படுக்கையறையிலும்.

“பிரியா… தொண்டை எரியுதும்மா. கொஞ்சம் தண்ணி குடு.”

கடைசிப் புள்ளியில் அவள் வீட்டு எண். ஆண். முப்பத்தாறு. மவுஸிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தொடக் கூடாது. எதையும் தொடக் கூடாது.

அப்போது திரையில் வேறொருவரின் பச்சை மவுஸ் அம்பு நுழைந்தது. அதன் வாலில் பெயர்: இளங்கோ.

போன் அடித்தது.

“இன்னா பிரியா இது, தெருவே ரொம்பிக் கெடக்குது! நீ உடு, நான் மொத்தமா தூக்கிடறேன்.”

“வேணா இளங்கோ! தொடாத!”

“இன்னா? மழைல ஒண்ணுமே கேக்கல…”

“தொடாதடா! ஜெகன் கீறான் அதுல!”

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். போகவில்லை. வரைபடத்தை ஒட்டிய பட்டியலில் பதிவுகள் தேர்வாகி நீலமாயின. ஒன்று. அடுத்தது. பிறகு எல்லாமே. அம்பு மெல்ல மேலே, ‘அழி’ பொத்தானுக்கு நகர்ந்தது. நின்றது.

தெரு அடங்கியது. ஒரே நொடியில். மழை மட்டும் பெய்தது.

அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். கட்டிலில் ஜெகன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இருமலை மறைக்க வாயில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. திறந்த கண்கள் அவளையே பார்த்தன. இமைக்கவில்லை.