சந்தியாகு சொல்ல வேண்டிய பாதி

பண்ணையார் பஞ்சநதத்தின் களத்து வீட்டுக்குச் சவுரியம்மாள் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு துணி மூட்டை, கழுத்தில் ஜெபமாலை. அவ்வளவுதான் அவள் சாமான்.

ஊரை விட்டு விலகி, வயலுக்கு நடுவே தனியாக நின்றது அந்த வீடு. முன்னால் நெல் உலர்த்தும் களம். பின்னால் ஓட்டுக் கொட்டகை. அதற்குள் பெரிய அண்டா ஒன்றைத் தாங்கும் மண் அடுப்பு. பண்ணை நெல் முழுவதையும் அங்கேதான் அவிப்பார்கள். அடுப்பு புதுசு. பூசிய மண் இன்னும் சரியாகக் கறுக்கவில்லை.

"வா புள்ள," என்றார் பண்ணையாரின் காரியக்காரர் நாகநாதன், கொட்டகைக்கு வெளியே நின்றபடியே. "நெல்ல அவிச்சுக் காயப்போடணும். கூலியில கொறை வைக்க மாட்டேன்."

அந்தக் கனிவுதான் அவளுக்கு நெருடியது.

போன சம்பா அறுவடையில் கூலி கேட்டுக் கொடி பிடித்தவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் சந்தியாகு. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று கழக அரசு சட்டம் போட்ட வருஷம் அது. சட்டம் மெட்ராஸில் புறப்பட்டுவிட்டது. அவர்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு சாயங்காலம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் வா என்று பண்ணையிலிருந்து ஆள் வந்தது. போனான் சந்தியாகு. திரும்பவில்லை.

"பேசி முடிச்சு அப்பவே கெளம்பிட்டான். பம்பாய்க்கு ஓடிட்டதா கேள்வி," என்று ஊருக்குச் சொன்னவர் இதே நாகநாதன். கொடி பிடித்தவன் பெண்டாட்டிக்கு இந்தப் பக்கத்தில் எந்த வயலிலும் வேலை கிடையாது என்றவரும் இவரே. இப்போது இவரே கூப்பிட்டு வேலை தருகிறார்.

ஏன்?

கொட்டகையில் உமி அள்ளிக்கொண்டிருந்த காத்தாயி காரணம் சொன்னாள். வயதானவள்; வாய் ஓயாதவள்.

"ஒருத்தியும் இங்க நிக்க மாட்டேங்குறாடி. வந்தவளெல்லாம் பொழுது சாஞ்சா முந்தானையச் சுருட்டிக்கிட்டு ஓடுறா. என்னமோ முணுமுணுங்குதாம்."

"ஒங்களுக்குக் கேக்கலையாக்கா?"

"எதா இருந்தாலும் கத்திச் சொல்லு. எனக்குக் காது மந்தம். அதனாலதான் நான் நிக்கிறேன்."

சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது.

விளக்கு வைக்கும் நேரம். அண்டாவில் நெல் புழுங்கும் வாசனை கொட்டகையை நிறைத்தது. அடுப்பு வாயில் ஒரு கை உமியை வீசிவிட்டு அவள் ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

மாலையின் ஒவ்வொரு மணிக்கும் மாதாவை நோக்கி ஒரு மந்திரம். முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்லி முடிப்பார். அவர்கள் வீட்டில் முன்பாதி சவுரியம்மாளுடையது, பின்பாதி சந்தியாகுவுடையது. தனியாக இருப்பவர் இரண்டையும் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். அவள் மறுத்துவிட்டாள். அவன் போனதிலிருந்து, தன் பாதியைச் சொல்லிவிட்டு, அவன் சொல்லும் நேரத்துக்கு வாயை மூடியிருந்துவிட்டு, அடுத்த மணிக்குப் போவாள். அவன் பங்கைத் தன் வாயால் சொன்னால் அவன் செத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் வந்து அவனே சொல்லட்டும். "ஜெபத்தப் பாதியில தொங்க விடாதம்மா, அது நல்லதில்ல," என்று மாதா கோயில் உபதேசியார் ஜெக்கரியா கண்டித்தும் அவள் கேட்கவில்லை.

வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் முடி கொடுத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். உண்ணாமல் கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாதாவிடமே சண்டைக்குப் போனாள்: "ஒம்ம புள்ள காணாமப் போனப்ப மூணாம் நாள் கோயில்ல கெடச்சுட்டாரு. என் புருஷன் மட்டும் ஏன் தாயே கெடைக்கல? செத்தாரா இருக்காரான்னாவது சொல்லக் கூடாதா?"

"இன்னும் அந்த அம்மாகிட்டதான் கேக்குறியா?" என்றாள் காத்தாயி. "அவளுக்கும் என்னை மாதிரி காது மந்தமோ என்னமோ."

சவுரியம்மாள் தன் பாதியைச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்துக்குள் யாரோ பேசினார்கள்.

"...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக..."

தாழ்ந்த குரல். வாய் நிறைய மண்ணை வைத்துக்கொண்டு பேசுவது போல.

"...இப்பொழுதும்..."

நின்றது.

"...வேண்டிக்கொள்ளும்."

அவள் கையில் மணி அசையவில்லை. காத்தாயி குனிந்தபடியே உமி அள்ளிக்கொண்டிருந்தாள்.

முதலில் நாகநாதன் மேல்தான் சந்தேகம் வந்தது. ஆள் வைத்து மிரட்டுகிறார். தன்னைப் பைத்தியமாக்கி ஊரை விட்டு ஓட்டப் பார்க்கிறார். விடிந்ததும் கொட்டகையைச் சல்லடை போட்டுச் சலித்தாள். நெல் அறையில் சாக்குகள். உத்தரத்தில் வௌவால்கள். மனிதன் ஒளிய இடமில்லை.

மறுநாள் சாயங்காலமும் குரல் வந்தது. அதற்கு மறுநாளும்.

"நீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. மந்திரத்தின் முன்பாதிக்கு மட்டுமே பதில் வந்தது. மண் அப்பிய அந்தக் குரலின் அடியில் சந்தியாகுவின் இழுப்பு இருந்தது.

விழுந்து வணங்கி நன்றி சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. கேட்டது மாதாவிடம். பதில் சொல்வது யார்?

குரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எதையோ விழுங்குவதை அவள் கவனித்தாள். 'இப்பொழுதும்' என்பதற்கு அடுத்து வர வேண்டியது 'எங்கள் மரண நேரத்திலும்'. அந்த வார்த்தைகள் மட்டும் வரவில்லை. சந்தியாகு ஜெபத்தில் ஒரு எழுத்தையும் விடுகிறவன் அல்ல.

மரணம் இனிமேல் வர வேண்டியவர்கள்தானே அதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும்?



அடுத்த சாயங்காலம் நாகநாதன் வந்தார். வழக்கம் போல் வெளியே நின்றார்.

"யாரோடயோ பேசுறியாமே?"

"ஜெபம் சொல்றேங்கய்யா."

"கூடவே ஆம்பளக் கொரல் கேக்குதுன்னு வரப்புல போனவங்க சொன்னாங்க."

"ஆமாங்க. அவரு கொரல்தான்." அவர் முகத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. "பம்பாயிலேருந்து வந்து இங்க ஒளிஞ்சிருக்காரு போல. உள்ள வந்து தேடிப் பாருங்களேன்."

வேறு சமயமாக இருந்தால் தடியோடு ஆட்களைக் கூட்டி வந்திருப்பார். இன்று ஓர் அடி பின்னால் போனார். 

"தேடறதுக்கு என்ன இருக்கு? உபதேசியார்கிட்டக் கேட்டேன். அந்தப் பாதியையும் நீயே சொல்லிட்டா சரியாப் போயிடுமாம். சொல்லி முடிச்சிடு சவுரி. ஒன் மனைய ஒம்பேருக்கே மாத்தித் தரச் சொல்றேன்."

"அவரு இருக்கையில நான் ஏங்கய்யா சொல்லணும்?"

 

சவுரியம்மாள் ஜெபமாலையைத் தூக்கிப் பிடித்தாள். "அருள் நிறைந்த மரியாயே வாழ்க..." என்று தன் பாதியைச் சத்தமாகச் சொல்லி நிறுத்தினாள்.

குரல் வந்தது. கூரையிலிருந்தா, சுவரிலிருந்தா, அண்டாவின் ஆவியிலிருந்தா என்று இன்றும் அவளுக்குத் தெரியவில்லை.

நாகநாதனுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கண்கள் எங்கும் தேடவில்லை. நேராக ஒரே இடத்துக்குப் போய் நின்றன.

புது அடுப்பின் அடிக்கு.

வந்த நாளிலிருந்து அவள் தீ மூட்டி வந்த அடுப்பு.

அவள் குச்சியை எடுத்து எரிகிற உமியை வெளியே இழுத்துத் தள்ளினாள்.

"என்னடி பண்ற? நெல்லு பாதியில நிக்குது," என்று ஓடி வந்த காத்தாயியின் காதில் வாயை வைத்து எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள். காத்தாயி ஒரு கணம் அடுப்பைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, தெரு ஆட்களைக் கூப்பிட ஓடினாள். நாகநாதன் அதற்குள் வரப்பில் பாதி தூரம் போயிருந்தார்.

சந்தியாகுவோடு கொடி பிடித்த சங்கத்து ஆட்கள் அடுப்பை இடித்தார்கள். போலீஸ் வந்து தோண்டியது. சந்தியாகுவின் அரைஞாண் கயிற்றை அவள்தான் அடையாளம் காட்டினாள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நாகநாதன் பிடிபட்டார். கைகலப்பில் அடி பலமாக விழுந்துவிட்டது என்றார். பஞ்சநதத்தின் பெயர் எந்த வாக்குமூலத்திலும் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்கியபோது, சவுரியம்மாள் முதன்முறையாக இரண்டு பாதியையும் தானே சொன்னாள். 'எங்கள் மரண நேரத்திலும்' என்பதை நிதானமாக, தெளிவாகச் சொன்னாள். ஒரு குரலும் குறுக்கிடவில்லை.

திரும்பும் வழியில் காத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க மாதாவுக்குக் காது கேக்குதுடி. கொஞ்சம் தாமசமாக் கேக்குது போல."

"கேட்டது அவங்கதானான்னு தெரியலக்கா," என்றாள் சவுரியம்மாள். அதை அவள் கத்திச் சொல்லவில்லை. காத்தாயிக்குக் கேட்டிருக்காது.

பொழுது சாய்ந்தது. தன் குடிசையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்று இனி ஜெபம் வேண்டாம். உடம்பில் தெம்பில்லை. கேட்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை.

படல் கதவுக்கு வெளியே யாரோ முழங்கால் ஊன்றும் சத்தம்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க..."

சந்தியாகு இல்லை. அவன் ஒரு நாளும் முன்பாதி சொன்னதில்லை. இது ஒரு பெண்ணின் குரல். அவள் கேட்டே அறியாத குரல். அதன் வாயிலும் மண் இருந்தது.

முன்பாதியைச் சொல்லி முடித்து அந்தக் குரல் நின்றது. பின்பாதியை அவள் சொல்லக் காத்திருந்தது.

சவுரியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே அது பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.