ஈரம் காயாத கோடு

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த வேன் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார் மிராசுதார் நாகேஸ்வரன். அவரால் உட்கார முடியாது. மல்லாக்கப் படுக்கவும் முடியாது. நாலு பேர் கட்டிலோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு விழுந்தது.

கதிர்ச் சிகிச்சை தரும் கோபால்ட் அறை கட்டடத்தின் கோடியில், தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. கோட்டைச் சுவர் போன்ற சுவர். ஈயம் பொதிந்த கதவு மோட்டாரில் நகரும். கதிர் திறந்திருக்கும்போது நோயாளியைத் தவிர ஒரு ஈ கூட உள்ளே இருக்கக் கூடாது. மெஷினை இயக்குகிற வேம்பு வெளியிலிருந்து, சுவரில் பதித்த தடித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். உள்ளே பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும்.

வேம்பு பௌதிகம் படித்தவள். அதிகம் பேசமாட்டாள்.

"புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிடுச்சு" என்றார் டாக்டர். "இந்தக் கதிர் நோயைத் தீர்க்காது. வலியைத்தான் குறைக்கும். ரெண்டு வாரத்துல தூங்க ஆரம்பிச்சிடுவீங்க. இன்னும் தள்ளிப்போட்டா எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தும். காலு ரெண்டும் போயிடும்."

"நடப்பேனா? அதைச் சொல்லுங்க."

நாகேஸ்வரனுக்கு அதுதான் கவலை. நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது. நிலத்தை மைத்துனன் பேரிலும் சமையல்காரன் பேரிலும் எழுதும் வேலை பாதியில் நின்றது. ரிஜிஸ்திராரை வீட்டுக்கு வரவழைத்தால், சாகக் கிடக்கிறவன் எழுதியது செல்லாது என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் வழக்குப் போடுவார்கள். தன் காலால் நடந்துபோய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

கோபால்ட் அறையில் வேம்பு அவர் முதுகுத் துணியை விலக்கினாள்.

"எந்த ஊரு நீ?"

"வலங்கைமான் பக்கம்ங்க."

"ஊரு சரி. தெரு?"

அவள் எக்ஸ்ரேயைப் பார்த்து, முதுகில் ஊதா மையால் ஒரு சதுரம் போட்டாள். நடுவில் ஒரு கூட்டல் குறி.

"தெருவைச் சொல்ல வாய் வரலை பாரு. கை மட்டும் நீளுது."

"ஏங்க, சும்மா இருங்களேன்" என்றாள் அவர் மனைவி ஆனந்தம்.

"இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தினமும் கதிர் வைப்போம்ங்க" என்றாள் வேம்பு, ஆனந்தத்திடம். "அழியக் கூடாது. முதுகுல தண்ணி படாம பார்த்துக்குங்க."

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"கையை எடுடீ."

வேம்பு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே யாருமில்லை. அவர் மட்டும் குப்புறக் கிடந்தார்.

மறுநாள் துணியை விலக்கியதும் அவள் கை நின்றது. சதுரம் இருந்தது. ஆனால் நாலு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. நிறம் ஊதா இல்லை, கருப்பு. தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது.

சேறு. நடவுக்கு உழுது வைத்த வயலின் சேறு. அந்த வாசனை அவளுக்குத் தெரியாததா?

"முதுகுல தண்ணி பட்டுச்சாங்க?"

ஆனந்தம் தலையைக் குனிந்துகொண்டாள். "தலை முழுகாம வீட்டுக்குள்ள வரமாட்டேன்னுட்டார்மா. நீ தொட்டேன்னு... கிணத்துத் தண்ணி ஊத்தினேன். மை எல்லாம் போயிடுச்சு."

"அப்ப இதை யாரு போட்டா?"

"நீ போட்டது இல்லையா?"

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. வாய்க்கால் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கும் ஈரச் சேறு கிடையாது.

வேம்பு பஞ்சால் அதைத் துடைத்தாள். எக்ஸ்ரேயை வைத்துச் சரியான இடத்தில் மறுபடி வரைந்தாள். துடைத்த பஞ்சு குப்பைக்கூடையில் கிடந்தது. அன்று முழுக்க அந்த அறையில் வயல் வாசனை அடித்தது.

குளிப்பதை அவர் விடவில்லை. தினமும் ஊதா மை அழிந்தது. தினமும் சேற்றுச் சதுரம் வந்தது. தினமும் வேம்பு துடைத்தாள், வரைந்தாள்.

ஆனால் வலி குறைந்துகொண்டு வந்தது. அதில் சந்தேகமில்லை. அடுத்த வாரம் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வசவில் கூட ஒரு தெம்பு வந்திருந்தது.

"என்னடீ பொண்ணு, உன் மெஷின் பரவாயில்லையே! ரிஜிஸ்திரார் ஆபீஸ் படியை ரெண்டு ரெண்டா ஏறுவேன் பாரு."

அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்த ஒரு நாள், ஆனந்தம் வேம்பின் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மருதையன்னு ஒருத்தன் இருந்தான். எங்க நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். குத்தகைச் சட்டம் வந்துடுச்சு, என் பேரைப் பதிஞ்சு குடுங்க, நிலத்தை விடமாட்டேன்னு நின்னான்."

வேம்பு கண்ணாடியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆளுங்கள விட்டு உலக்கையால நடு முதுகுல அடிக்கச் சொன்னாரு. சேத்துல குப்புற விழுந்தான். காலு ரெண்டும் அசையலை. விரலால சேத்துல கோடு போட்டுக்கிட்டே கிடந்தான். நாலு மூலைக் கோடு. இது என் எல்லை, இது என் எல்லைன்னு."

"ஆஸ்பத்திரிக்கு..."

"யாரும்மா தூக்குவா? இவரு வரப்புல குடை பிடிச்சு நின்னாரு. அவன் தண்ணி கேட்டான். நான் செம்பைக் கொண்டுபோனேன். என்னைத் தடுத்துட்டு..." அவள் குரல் இறங்கியது. "'சாயங்காலம் ஆகட்டும், தர்றேன்'னாரு. சாயங்காலம் அவன் இல்லை."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேம்பு கண்ணாடிக்குத் திரும்பினாள்.

கட்டிலில் நாகேஸ்வரன் குப்புறக் கிடந்தார்.

கீழே தரையில் இன்னொருவன் குப்புறக் கிடந்தான்.

இடுப்புக்குக் கீழே அவன் உடம்பு துணிமூட்டை போலக் கிடந்தது. ஒரு கை மட்டும் அசைந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்து, மேலே ஏறி, அவர் முதுகில் நிதானமாக ஒரு கோடு இழுத்தது.

வேம்பு மெஷினை நிறுத்தினாள். கதவு நகர்ந்தது. உள்ளே ஓடினாள்.

தரை காய்ந்து கிடந்தது.

டாக்டரிடம் சொல்லலாம் என்று போனாள். அறை வாசலில் நின்றாள். என்ன சொல்வது? திரும்பி வந்துவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. நாகேஸ்வரன் மடித்த வேட்டியும் புது அங்கவஸ்திரமுமாக வந்திறங்கினார். வராந்தாவில் ஆனந்தத்தின் தோளைப் பிடித்து நாலடி நடந்து காட்டினார்.

"முழங்காலுக்குக் கீழே மதமதன்னு இருக்குன்னு காலையில சொன்னாரும்மா" என்று ஆனந்தம் வேம்பின் காதில் சொன்னாள். "டாக்டர்கிட்ட சொல்லாதேன்னு என்னை அதட்டறாரு."

வேம்பு டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். அவர் ஆபரேஷனில் இருந்தார்.

"காத்திருக்கலாம்ங்க" என்றாள்.

"உனக்காக ரிஜிஸ்திரார் காத்திருப்பானா? நாலு மணிக்கு நான் நன்னிலத்துல இருக்கணும். கடைசி நாள்தானே, வச்சு முடிடீ."

அன்று முதுகில் சேறு இல்லை. வெறும் தோல். அவள் சதுரம் வரைந்தாள். கதிர் வைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்தினாள்.

கதவு நகரவில்லை.

மறுபடி அழுத்தினாள். மோட்டார் உறுமியது. கதவு அசையவில்லை.

உள்ளே விளக்குகள் அணைந்தன. மெஷினின் தலையிலிருந்து இடம் காட்டும் வெளிச்சம் மட்டும் விழுந்தது. அவர் முதுகில் ஒரு வெள்ளைச் சதுரம்.

"யாருடா அங்க? கதவைத் திறங்கடா!"

அவர் கையை ஊன்றி எழுந்தார். காலைக் கீழே வைத்தார். கால் இல்லாதவர் போல முகம் குப்புற விழுந்தார்.

ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பெயர்த்தார்கள், இடித்தார்கள், வியர்த்தார்கள். டாக்டர் ஓடிவந்து, உள்ளேயிருந்த கைப்பிடியைத் திருகச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினார்.

நேரம் போனது. வசவு ஓய்ந்தது. பிறகு அவர் அழுவது கேட்டது.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி குடுங்க..."

ஆனந்தம் செம்பை எடுத்துக்கொண்டு கதவருகே ஓடினாள். மூடிய கதவு. அப்படியே நின்றாள்.

ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் வந்தது. அவசரமில்லாத குரல்.

"சாயங்காலம் ஆகட்டும்."

செம்பு அவள் கையிலிருந்து நழுவியது.

பொழுது சாய்ந்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது. கடப்பாரை பிடித்திருந்தவர்கள் தடுமாறி விழுந்தார்கள்.

நாகேஸ்வரன் உயிரோடு இருந்தார். கண் விழித்திருந்தது, பேச்சு இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவரைச் சுற்றித் தரையில் நாலு மூலைச் சதுரம், ஈரச் சேற்றில்.

டாக்டர் அவர் காலில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு எழுந்தார். "எலும்பு நொறுங்கி நரம்பை நசுக்கிடுச்சு. நான் முதல் நாளே பயந்தது இதுதான்." தரையில் இருந்த கோட்டை அவர் தாண்டித்தான் போனார். கீழே பார்க்கவில்லை.

நிலம் எழுதப்படவில்லை.

வேம்பு தானே தரையைக் கழுவினாள். சோப்பு போட்டாள், ஆசிட் ஊற்றினாள். கோடு போனது.

அடுத்த வாரம் ஒரு கிழவர் வந்தார், மீரா சாகிப், வாழைக்காய் வியாபாரி. அவருக்கும் முதுகில்தான் வலி. கதிர் முடிந்து கதவு திறந்ததும், படுத்தபடியே கேட்டார்.

"ஏம்மா, கீழே யாரோ குப்புறப் படுத்திருக்காரே, யாரு? பாவம், நகரவே முடியலை போல."

அவர் போன பிறகு வேம்பு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வந்தாள். அறையின் நடுவில் வைத்தாள். தன் ஊரில் இப்படிச் செத்தவர்களை அவளுக்குத் தெரியும். மருதையனுக்கு இனிக் கோபம் இருக்காது என்று நினைத்தாள். வெளியே வந்து கதவை மூடினாள். ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

வராந்தாக் கோடி வரை போய், கதவுப் பக்கமாகத் திரும்பி நடந்தாள்.

காலில் ஏதோ இடித்தது.

செம்பு. மூடிய கதவுக்கு வெளியே, அவள் வழியில் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

செம்புக்கு அந்தப் பக்கம், கதவை ஒட்டி, வராந்தாவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, சேற்றில் ஒரு கோடு ஓடியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூலையில் திரும்பி, படிக்கட்டுப் பக்கமாக நீள ஆரம்பித்தது.