எட்டாவது பை

சோதனைக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராய் ஓடியது. பாம்புக்கடிக்குச் செய்கிற சோதனைதான். இருபது நிமிடம் போனால் நல்ல ரத்தம் உறைந்து, கவிழ்த்தாலும் விழாது. கொனியோவைப் பாம்பு கடிக்கவில்லை. படகு விளிம்பில் விழுந்து மண்ணீரல் கிழிந்தவள் அவள்.

மயக்க மருந்து கொடுக்கும் ராவு கடிகாரத்தைப் பார்த்தான். காலை பதினொன்று. குழாயில் ரத்தம் எடுத்து இருபத்தாறு நிமிடம்.

"டாக்டர், ரத்தம் உறையல."

டாக்டர் மோரெயா நிமிரவில்லை. "மண்ணீரலை எடுத்தாச்சு, கட்ட வேண்டியதெல்லாம் கட்டியாச்சு. ஆனா தொட்ட இடமெல்லாம் கசியுதுப்பா. பிரஷர் எவ்வளவு?"

"நூத்திப்பத்து."

"அப்புறம் என்ன? ஏத்து."

ஜன்னலுக்கு வெளியே கொனியோவின் கணவன் லோஹியாவும் சொந்தக்காரர்கள் இருபது பேரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பாக்கு மென்றபடி உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் உடம்பையே பிழிந்து கொடுப்பார்கள். ரத்தம் பிடிக்கிற வெறும் பைகள்தான் ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டன; தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மதிய விமானத்தில் வர வேண்டும். அதுவரை அவள் உயிரைப் பிடித்து வைப்பது ராவின் பொறுப்பு. அவனிடம் இருந்தது ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றும் ஸ்டார்ச் திரவம் மட்டும், பெட்டி பெட்டியாக.

மூன்று பைக்கு மேல் போனால் ரத்தத்தின் உறையும் குணமே கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தினால் பிரஷர் விழும், அவளும் போய்விடுவாள். நான்காவதை மாட்டினான். பயம் வர வேண்டிய நேரம். மனம் மரத்துக் கிடந்தது.

உறிஞ்சு குழாயின் களகளப்பும், தகரக் கூரையில் விழத் தொடங்கிய மழையும், ஸ்பிரிட் நெடியோடு கலந்த இரும்பு வாடையும் அறையை நிறைத்திருந்தன. ஐந்தாவது பையில், உறிஞ்சிய ரத்தம் சேரும் பாட்டிலுக்குள் சிவப்பு வெளுத்தது. ஆறாவதில் மீன் கழுவிய நீரின் நிறம்.

"ரத்த வாடையே இல்ல பாரு, ராவு," என்றாள் சிஸ்டர் ஹேனி.

ஆமாம். இல்லை.

வாசலில் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மழையால் விமானம் கிளம்பவில்லையாம்.

ஏழாவது பை. பிரஷர் நூற்றிருபது. அன்று முழுக்க அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

மோரெயாவின் கை நின்றது. கையுறையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"ராவு... இவளுக்குள்ள என்னய்யா ஓடுது?"

ராவு அவள் முகத்தைப் பார்த்தான். இந்த மயக்க மருந்தில் கண் திறந்தே இருக்கும். பார்வை இருக்காது.

இப்போது இருந்தது.

உதடு வெள்ளை. ஈறு வெள்ளை. நாக்கும்.

"தம்பி," என்றாள் கொனியோ, தெளிவாக. "இன்னொண்ணு மாட்டு."

ஹேனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மானிட்டர் சீராக ஒலித்தது. ராவின் கை தானாகவே பெட்டியைப் பிரித்து, எட்டாவது பையை மாட்டியது. திறந்த வயிற்றிலிருந்து தெளிந்த நீர் மேசை விளிம்பு வழியாக அவன் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பையைப் பார்த்துச் சிரித்தாள்.