பத்துக்குள் மாப்பிள்ளை

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் இடது மணிக்கட்டைப் பார்ப்பது செவ்வாய்க் கிரகத்தில் வழக்கம். தோலுக்கடியில் பச்சையாக ஓர் எண் மின்னும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. அந்த நிமிடம் அந்த ஆளுக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அது காட்டும். அதற்குப் பெயர் பற்றளவி.

"டேய் எழிலு, எத்தனை?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் அம்மா தன்ஷிகா.

"பதினாலும்மா."

"பதினாலா! அடுத்த மாசம் பொண்ணு பார்க்கப் போகணும். பதினாலை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட போறது? நேத்து அஞ்சாவது தோசை கேட்டப்பவே நினைச்சேன்."

பற்றளவி வந்த கதை கௌரவமானதுதான். செவ்வாயில் மனிதர்கள் குடியிருந்த முதல் குவிமாடம் பாறை விழுந்து உடையவில்லை. ஆளாளுக்கு நாலு காற்றுக்குப்பிகளைக் கட்டிலுக்கடியில் பதுக்கியதில் பொதுக்காற்று தீர்ந்துபோய் அதை இழுத்து மூடினார்கள். பிழைத்தவர்கள் புத்தி வந்து புத்தரைத் தேடினார்கள். மறுபிறவி, தேவலோகம், விக்கிரகம் எல்லாவற்றையும் பூமியிலேயே விட்டுவிட்டு, காரியத்துக்கு உதவுகிற ஒன்றை மட்டும் கொண்டுவந்தார்கள். ஆசை எழுந்தால் அதைப் பார். உடம்பில் எங்கே இழுக்கிறது என்று கவனி. உடனே கையை நீட்டாதே. கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கிவிடும். இப்படிக் கவனிக்க ஒரு துணையாக இருக்கட்டும் என்றுதான் மணிக்கட்டில் எண்ணைப் பொருத்தினார்கள்.

நம் ஆட்களிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் இருப்பார்களா? பத்தே வருடத்தில் ஜாதகத்தின் இடத்தில் அது ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. பத்துக்குள் இருந்தால் பெரிய இடத்துச் சம்பந்தம். இருபதைத் தாண்டினால் இரண்டாம் தாரம். ஆசையை ஒழிக்க டியூஷன் வைத்தார்கள். அந்த டியூஷனில் முதல் ராங்க் வாங்க அடித்துக்கொண்டார்கள்.

எழில்வேந்தனுக்கு முப்பது வயது. பாசிப்பண்ணையில் வேலை. அம்மா பார்த்திருந்த பெண் நித்திலா, அதே பண்ணையில் பக்கத்துத் தொட்டியில் இருப்பவள். இருவரும் இரண்டு வருடமாகக் காதலிக்கிறார்கள். தரகரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, சம்பந்தம் தானாக வந்ததுபோல இரண்டு வீட்டையும் நம்பவைத்திருந்தார்கள்.

சிக்கல் ஒன்றுதான். பெண் பார்க்கும் அன்று இருவரும் ஒரே தாம்பாளத்தின் மேல் கையை நீட்டி, ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். பெரியவர்கள் எண்ணைப் படிப்பார்கள். நித்திலாவைப் பார்த்தால் எழிலுக்கு எழுபது. அவனைப் பார்த்தால் அவளுக்கு அறுபத்தெட்டு. அதைப் பார்த்தால் காதல் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். கல்யாணம் நின்றுபோகும்.

பயிற்சிக்கூடத்துக்கு ஓடினான். அங்கே இடுப்புயரத்தில், ஒற்றைக் கண்ணோடு ஒரு போதனைப்பொறி இருந்தது.

"எதற்காகப் பற்றைக் குறைக்க வேண்டும்?" என்று கேட்டது.

"நித்திலாவைக் கட்டிக்க."

"அது பற்று."

"தெரியுது. பொண்ணு பார்க்கிற பத்து நிமிஷம் இல்லாம இருந்தாப் போதும்."

பொறிக்குச் சிரிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆவி பறக்கும் காபியை அவன் முன்னால் வைத்து, குடிக்காமல் கவனிக்கச் சொன்னது. நாக்கில் ஊறியது. தொண்டையில் இழுத்தது. உச்சத்துக்குப் போய், மெல்ல அடங்கியது. பயிற்சி உண்மையாகவே வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. மூன்றாவது வாரம் நகம் கடிப்பதை விட்டான். அதிகாரி கத்தினால் பதிலுக்குக் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அந்த லேசை ஒரு நிமிடம் அனுபவித்திருக்கலாம். அவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

வேறு ஷிப்டில் நித்திலாவும் அதே காபியின் முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

பெண் பார்க்கும் நாளில் இருவரும் கையை நீட்டினார்கள். கண்ணோடு கண் பார்த்தார்கள். அவனுக்கு நாலு. அவளுக்கு மூன்று.

"ஆகா!" என்று தொடையில் தட்டினார் பெண்ணின் அப்பா ரித்விக். "ஒருத்தருக்கு ஒருத்தர் மேல துளி ஆசை இல்லை. இந்த மாதிரிப் பொருத்தம் நான் பார்த்ததே இல்லை சம்பந்தி!"

தன்ஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா காலத்துல கட்டம் போட்டுப் பொருத்தம் பார்ப்பாங்களாம். என்ன மூடநம்பிக்கை!"

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன்னால் நித்திலா கேட்டாள்.

"அன்னிக்கு என்னைப் பார்த்தப்ப உனக்கு நாலுதான் காட்டுச்சு, இல்ல?"

"பயிற்சி எடுத்தேன்ல. உனக்கு மூணு காட்டுச்சே, நான் ஏதாவது கேட்டேனா?"

"இப்ப எத்தனை?"

"ஆறு."

"தாலி கட்டி ஒரு நாள்தான் ஆகுது. ஆறா?"

அன்றிலிருந்து தினமும் இதே பஞ்சாயத்து. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று ஷிப்ட் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தான், நெற்றியில் துணியை நனைத்துப் போட்டான். கஞ்சியை அவள் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஐந்து. காய்ச்சல் விட்டதும் பெட்டியைக் கட்டினாள்.

"ஒரு வாரம் டைம் தரேன். ஐம்பதைத் தாண்டு. இல்லேன்னா அப்பா வீட்டுக்குப் போயிடுவேன். உண்மையைத்தானே எண் காட்டுது?"

எழிலுக்குப் பயம் வந்தது. பயிற்சி பெற்றவனல்லவா, பயத்தைக் கவனித்தான், அடங்கிவிட்டது. எண் ஐந்திலேயே நின்றது. அவளையும் இழுத்துக்கொண்டு பொறியிடம் ஓடினான்.

"எங்களுக்கு இதை ஏத்தணும்" என்றான்.

"குறைக்கத்தான் எனக்குத் தெரியும்" என்றது பொறி. "ஏற்றுவதற்குப் பூமியில் ஒரு கருவி வைத்திருந்தார்கள்."

கூடத்து மூலையில் இருந்த பழம்பொருள் அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் இரண்டு கறுப்புக் கண்ணாடிப் பலகைகளை எடுத்துக் கொடுத்தது.

"எவ்வளவு நாள் பயிற்சி எடுக்கணும்?"

"கட்டைவிரலால் மேலே தள்ளினால் போதும். இதற்கு யாரும் பயிற்சி எடுத்ததாகக் குறிப்பு இல்லை."

தள்ளினான். முன்பின் தெரியாத ஒருவர் முப்பது பரோட்டா தின்றார். தள்ளினான். பூனை ஒன்று அலமாரியிலிருந்து விழுந்தது. தள்ளினான். யாரோ யாரையோ திட்டினார்கள். எண் இருபதானது, நாற்பதானது. வீடு போய்ச் சேர்வதற்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டது. நித்திலா பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அலமாரியில் அடுக்கினாள். பிறகு அவளும் தன் பலகையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி. தட்டில் தோசை காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பல் துலக்கியிருக்கவில்லை. நித்திலா திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, கணவனின் மணிக்கட்டை இழுத்து ஒரு கணம் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு.

"இப்பத்தான் என்மேல உனக்கு ஆசையே வந்திருக்கு" என்றாள், நெஞ்சு நிறைந்து, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் காதில் அது விழவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளினான்.