பூட்ஸ் பட்டறையின் நாற்பது கையெழுத்து

"அண்ணே, இந்தத் தாள் என்னுதே இல்ல! சங்கத்துல என்னைக் கள்ளன்னு சொல்றாங்க!" என்று கத்திக்கொண்டே சங்கத்தின் மனுவுக்குப் பொறுப்பான தச்சர் டான்ஸ்லியின் அறைக்குள் நுழைந்தார் பூட்ஸ் தைக்கும் ஜேபஸ்.

லண்டன் தெருவில் போர் முரசு கேட்டபடி இருந்தது. ரஷ்யாவோடு சண்டை வேண்டாம், தகராறை நடுவர் தீர்க்கட்டும் என்று தொழிலாளர் எழுதிய மனு நாளைக் காலை நாடாளுமன்றம் போகவேண்டும். அதில் ஜேபஸ் வாங்கியதாக இருந்த ஒரு தாளின் நாற்பது பெயர்களும் பொய். ஒன்று பிடிபட்டாலும் மனு முழுதும் குப்பைக்குப் போகும்.

அறையில் இருந்த கொத்தனார் பென்னுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜேபஸ் வாங்கிய தாள்களைச் சுமந்து வந்தவன் அவன்தான். அவற்றை மனுவோடு சேர்த்துக் கட்டித் தைத்தவர் சங்க எழுத்தர் க்ரிம்ஷா. வேறு யார் கையும் படவில்லை.

எழுத்தரையும் அழைத்துவரச் சொன்ன டான்ஸ்லி, அவர் வந்ததும் தாளின் தலைப்பை நிதானமாகப் படித்தார். "ஜேபஸ் பட்டறையில், திங்கள் காலை பத்து மணிக்கு, வேலைக்கு நடுவே ஒப்பமிட்டது."

"நானா இருக்குமோன்னு பாக்குறீங்களா?" என்றான் பென்.

"உனக்குக் கையெழுத்துக்குப் பதிலாப் பெருக்கல் குறி போடத்தானடா தெரியும்! இங்க நாற்பது பேரும் எழுத்தாவே இருக்கு."

"அப்போ ஜேபஸா?"

"பூட்ஸ்காரன் திங்கக்கிழமை பட்டறைப் பக்கம் வருவானா?"

ஜேபஸுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. "ஞாயித்துக்கிழமைக் குடி தெளியவே செவ்வாய் ஆயிடும். திங்கள்ல ஊசி தொட்டவன் எங்க தெருவுலயே இல்ல."

"அது தெரியாதவர், திங்கள் ஒம்பதுக்கே மேசையில உக்கார்றவர் ஒருத்தர்தான்," என்று க்ரிம்ஷாவைப் பார்த்தார் டான்ஸ்லி. "மனுவைக் கெடுக்க யார் சொன்னது?"

"கெடுக்கவா?" என்றார் எழுத்தர். "மனுவுல பேர் கூடினா சண்டை நிக்கும்னு நெனச்சேன். எம் பையன் பட்டாளத்துல இருக்கான். வெள்ளிக்கிழமை கப்பல் ஏத்துறாங்க."

டான்ஸ்லி பொய்த் தாளைப் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டார்.

"என் மானத்தை வாங்கிட்டியே, பாவி!" என்று க்ரிம்ஷாவின் சட்டையைப் பிடித்தார் ஜேபஸ். பிறகு பிடியை விட்டு, வெறுந்தாள் ஒன்றை அவர் கையில் திணித்தார்.

"நடய்யா. விடியறதுக்குள்ள வீடு வீடா ஏறி நெசமான கையெழுத்து வாங்குவோம். கதவைத் தட்டறது நான். எதுக்குன்னு கேட்டா, உம் பையன் பேரை நீ சொல்லு."